காப்பு அவிழாத பங்குனி

வெள்ளிக்கிழமை வந்துவிட்டால் எனக்குக் கை கால் ஓரிடத்தில் நிற்காது. நான்காம் வகுப்புக்குக் கணக்கைப் போட்டுவிட்டு வாசல் வெயிலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வெயில் புளியமரத்தைத் தாண்டிவிட்டால் பஸ்ஸுக்கு நேரம் நெருங்கிவிட்டது என்று அர்த்தம். வெம்பக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கரிசல்காட்டு ஊர் அது. ஊருக்கு ஒரே பள்ளிக்கூடம், பள்ளிக்கூடத்துக்கு ஒரே வாத்தியார், அது நான். பள்ளிக்கூடத்தை ஒட்டி ஓடு வேய்ந்த ஓர் அறை தந்திருந்தார்கள். அதில் ஓர் அடுப்பு, ஒரு பாய், ஒரு டிரங்குப் பெட்டி, நான்.

என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் வடக்கே எங்கேயோ இருந்தார். மகளுக்கு அப்போது மூன்று வயதுகூட நிரம்பவில்லை. அந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீர் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை; வந்த மாதமே வயிற்றுப்போக்கில் துவண்டுபோனாள். அதனால் விருதுநகரில் என் அக்கா வீட்டில் விட்டிருந்தேன். அக்காவுக்குக் குழந்தை இல்லை. கேட்டவுடனே, "விட்டுட்டுப் போடி, நான் என்ன செய்யப்போறேன் பகல் பூரா" என்றாள். அவளுக்கு அதில் எவ்வளவு சந்தோஷம் என்று எனக்குத் தெரியும். தெரிந்ததனால்தான் கொஞ்சம் பயமும் இருந்தது.

வாராவாரம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறி சாத்தூர் வழியாக விளக்கு வைக்கிற நேரத்துக்கு விருதுநகர் போய்ச் சேருவேன். மகள் தெருமுனைக்கு ஓடிவருவாள். என் முகத்தைப் பார்க்கமாட்டாள், நேரே என் பையைத்தான் பார்ப்பாள். பையில் காலித் தீப்பெட்டிகள் இருக்கும். அவற்றை வரிசையாக வைத்து ரயில் ஓட்டுவதில் அவளுக்கு அப்படி ஒரு பைத்தியம். "அம்மா வந்தா ரயிலு வரும்" என்று தெருவில் இருப்பவர்களிடம் எல்லாம் சொல்லி வைத்திருந்தாள். திங்கட்கிழமை அவள் விழிப்பதற்கு முன்பே எழுந்து கிளம்பிவிடுவேன். விழித்துவிட்டால் கிளம்ப முடியாது.

தீப்பெட்டிகளைச் சேர்த்துத் தந்தவள் கிழக்குத் தெருக்காரி ஒருத்தி. வெடி கம்பெனியில் திரி வெட்டும் வேலை அவளுக்கு. என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். யக்கா என்றுதான் கூப்பிடுவேன். அந்த ஊரில் என்னிடம் பாடம், சம்பளம், மழை இவற்றைத் தவிர வேறு ஏதாவது பேசியவள் அவள் ஒருத்திதான். ஊருக்கு இரண்டு தெரு. மேலத் தெருவில் காடு கரை வைத்திருந்தவர்கள் இருந்தார்கள். கிழக்குத் தெருவில் முன்பு அந்தக் காடுகளில் கூலிக்குப் போய்விட்டு இப்போது வெடி கம்பெனிக்கும் தீப்பெட்டி கம்பெனிக்கும் போகிறவர்கள் இருந்தார்கள். நடுவில் பள்ளிக்கூடம். அதனால் எந்தத் தெருவில் என்ன நடந்தாலும் எனக்குத் தெரிந்துவிடும், எந்தத் தெருவுக்கும் நான் சொந்தமில்லை.

ஐம்பதுகளின் கடைசியில் ஒரு மாசி மாதம். கிழக்குத் தெருவில் ஒரு வீட்டு நிலையில் வேப்பிலை செருகியிருந்தது. வேப்பிலை செருகினால் அந்த வீட்டில் அம்மை என்று பொருள். அதை யாரும் நோய் என்று வாயால் சொல்லமாட்டார்கள். ஆத்தா வந்திருக்கிறாள் என்பார்கள். வந்தவளை விருந்தாளியாக நடத்துவார்கள். அந்த வீட்டில் தாளிக்கமாட்டார்கள், பிச்சை போடமாட்டார்கள், தீ கொடுக்கமாட்டார்கள், வெளியாள் உள்ளே போகமாட்டார். நான் விருதுநகரில் பிறந்து வளர்ந்தவள்தான், இந்த வழக்கமெல்லாம் எனக்கும் பழக்கம்தான்.

நாலாவது வீட்டிலும் வேப்பிலை ஏறியபோது சுகாதார இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்தார். பள்ளிக்கூட வாசலில் நின்று பேசினார். நோய் வராமல் தடுக்க எல்லாரும் அம்மை குத்திக்கொள்ள வேண்டும், அம்மை கண்ட வீட்டார் வெளியே நடமாடக் கூடாது, மற்ற ஊர்களுக்குப் போவதைக் கொஞ்ச நாள் நிறுத்த வேண்டும் என்றார். நல்ல மனுஷர். தொண்டை கட்டும்வரை பேசினார். கூட்டத்தில் ஒரு பெரியவர் மரியாதையாகவே கேட்டார். "ஆத்தா வந்திருக்கா. அவளைக் குத்தி விரட்டவா சொல்றீக?" எல்லாரும் சிரித்தார்கள். இன்ஸ்பெக்டரும் என்ன செய்வதென்று தெரியாமல் சிரித்தார்.

நான் என் புடவைத் தலைப்பை ஒதுக்கி, கையில் இருந்த அம்மைக்குத்துத் தழும்பைக் காட்டினேன். "நான் குத்தியிருக்கேன், என்ன ஆச்சு எனக்கு?" என்றேன். "நீங்க டவுன்காரக, டீச்சரம்மா. உங்க உடம்பு வேற" என்றாள் ஒருத்தி. அம்மை குத்துகிறவர் மறுவாரம் வந்த அன்று என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் இல்லை. தாய்மார் அவர்களைக் கம்மங்காட்டு வேலி ஓரத்தில் கொண்டுபோய் ஒளித்து வைத்திருந்தார்கள்.

கிழக்குத் தெரு ஆட்கள் வழக்கம்போல் கம்பெனிக்குப் போனார்கள். பெரிய பாதையில் போனால் இன்ஸ்பெக்டர் கண்ணில் பட்டுவிடுவோம் என்று ஓடை வழியாகப் போனார்கள். திரி வெட்டுகிறவளிடம், "யக்கா, இன்ஸ்பெக்டர் அம்புட்டுச் சொல்லியும் போறியே" என்றேன். "இன்ஸ்பெக்டரு சோறு போடுவாரா? போகாட்டி அங்கன வேற ஆளைச் சேர்த்துப்பாக" என்றாள். ஆனால் அவளுக்கு ஒரு வாரம்கூட அந்தச் சிரமம் இருக்கவில்லை. கம்பெனி கேட்டில் ஆள் போட்டு, எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னவர்களையெல்லாம் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

மேலத் தெருவுக்கு இன்ஸ்பெக்டர் சொன்னது எதுவும் உறைக்கவில்லை. அது கிழக்குத் தெருவுக்குச் சொன்னது என்று நினைத்துக்கொண்டார்கள். ஒரு காலையில் நான் எழுந்து பார்த்தபோது கிழக்குத் தெரு வாயை அடைத்து உடைமுள் போட்டிருந்தது. ஆள் உயரத்துக்கு வெட்டிக் கொண்டுவந்து குவித்திருந்தார்கள். அவர்கள் கடைக்கு வர முடியாது, பெரிய கிணற்றுக்கு வர முடியாது. எனக்குக் கோபம் வந்தால் நாக்கு சும்மா இராது. நாட்டாமை வீட்டுக்குப் போய், "அம்மைக்கு முள்ளு குத்துமா ஐயா?" என்று கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "டீச்சர், ஊர் நல்லதுக்குச் செய்யுறது" என்றார். அந்த ஆளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சர்க்காருக்கு அவர் கிராம முன்சீப். ஊருக்கு அவரே நாட்டாமை. காலையில் காக்கிப் பை வைத்துக்கொண்டு முன்சீப்பாக இருப்பார், சாயங்காலம் தோளில் துண்டு போட்டு நாட்டாமையாகிவிடுவார். இரண்டிலும் ஒழுங்கானவர்தான். அதுதான் பிறகு வினையாகப் போயிற்று.

ஒரு வாரம் கழித்து நாட்டாமை வீட்டு நிலையிலேயே வேப்பிலை ஏறியது. அவருடைய மருமகளுக்கு. அடுத்த நாளே மேலத் தெருவில் இன்னும் இரண்டு வீடு.

அதற்குப் பிறகு ஊர் மாறிய வேகத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. சிரித்தவர்கள்தான் முதலில் கண்டிப்பானார்கள். கிழக்குத் தெரு முள்ளில் பாதியை எடுத்துப்போய் ஊர் எல்லைக் கல்லுக்குப் பக்கத்தில், பஸ் போக மட்டும் வழி விட்டுப் பாதையை மறித்துப் போட்டு, காவலுக்கு ஆளும் நிறுத்தினார்கள். மீதிப் பாதி தெரு வாயிலேயே கிடந்தது. அதை எடுக்க வேண்டும் என்று யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

அது ஒரு வெள்ளிக்கிழமை. மத்தியானம் இன்ஸ்பெக்டர் வந்து பள்ளிக்கூடத்தை மூடச் சொன்னார். மறு உத்தரவு வரும்வரை இந்த ஊரில் பஸ் நிற்காது, கூட்டம் கூடக் கூடாது, திருவிழா எதுவும் நடத்தக் கூடாது என்றார். முன்சீப் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். எனக்கு அதில் ஒன்றே ஒன்றுதான் காதில் விழுந்தது, பஸ் நிற்காது என்பது. பையில் துணியைத் திணித்தேன். தீப்பெட்டிகளை மேலே வைத்தேன். புளியமரத்தடிக்கு ஓடினேன். மரத்துக்குச் சற்றுத் தள்ளித்தான் எல்லைக் கல். பஸ் வந்தது. கைகாட்டினேன். கண்டக்டர் என்னை நன்றாகத் தெரிந்தவர், அக்கா தெருவுக்கு அடுத்த தெருக்காரர். படியில் நின்றபடி இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். பஸ் நிற்காமல் போய்விட்டது.

நடந்து வெம்பக்கோட்டை போய்விடலாம், அங்கே ஏதாவது வண்டி கிடைக்கும் என்று முடிவு செய்து, முள்ளைச் சுற்றிக்கொண்டு கல்லை நோக்கி நடந்தேன். அப்போதுதான் ஊருக்குள் கொட்டுச் சத்தம் கேட்டது. கல்லுக்குப் பக்கத்தில் காவலுக்கு நின்றவர்கள் கையைக் கூப்பினார்கள். அம்மன் கோவில் பங்குனிப் பொங்கல் உண்டு என்று ஊருக்குச் சாட்டிவிட்டார்கள்; நாள் மட்டும் பிறகு. பூசாரி கையில் காப்புக் கட்டியாகிவிட்டது.

வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சொன்னால்தான் விளங்கும். பொங்கல் சாட்டிக் காப்புக் கட்டும்போது ஊருக்குள் இருப்பவர்கள், பொங்கல் முடிந்து காப்பை அவிழ்க்கும்வரை வெளியூரில் போய்த் தங்கக் கூடாது. பகலில் போனாலும் பொழுது சாய வந்துவிட வேண்டும். தங்க விருப்பமில்லாத விருந்தாளிகள் கொட்டுச் சத்தம் கேட்பதற்கு முன்னால் எல்லை தாண்டிவிடுவார்கள். எங்கள் வீட்டிலும் சித்தப்பா ஒருவர் சட்டையை மாட்டிக்கொண்டே ஓடியதைச் சின்ன வயதில் பார்த்துச் சிரித்திருக்கிறேன். இந்தத் தடவை ஊரார் அந்தக் கட்டுப்பாட்டை இன்னும் இறுக்கியிருந்தார்கள். பகலிலும் எல்லை தாண்டக் கூடாது, தாண்டி வரவும் கூடாது. இன்ஸ்பெக்டர் தொண்டை வற்றக் கேட்டு நடக்காததை ஒரு கொட்டுச் சத்தம் நடத்திவிட்டது.

"உள்ள வாங்க டீச்சரம்மா. கொட்டு அடிச்சாச்சு" என்றான் காவலுக்கு நின்றவர்களில் ஒருவன்.

"நான் இந்த ஊர்க்காரி இல்லையே. எனக்கு எதுக்குக் காப்பு?"

"கொட்டுச் சத்தம் கேட்ட காதுக்கெல்லாம் காப்புதான். நீங்க கேட்டீகளா இல்லையா?"

கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். சாமி விஷயத்தில் பொய் சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. மகளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ற பயம் வேறு. பையைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடந்தேன். இந்நேரம் தெருமுனைக்கு வந்திருப்பாள் என்ற நினைப்பு வந்தபோது பாதை கண்ணுக்குத் தெரியவில்லை. அழுதேன்.

பிள்ளைகள் இல்லாத பள்ளிக்கூடத்தின் பக்கத்தில் இருப்பது மாதிரித் தனிமை வேறு இல்லை. காலையில் எழுந்து பழக்கதோஷத்தில் மணியை எடுத்துவிட்டு, அடிக்காமல் வைத்துவிடுவேன். ஒரு ஆளுக்குச் சமைப்பதில் என்ன இருக்கிறது. கம்பங்கஞ்சியைக் காலையில் காய்ச்சி மூன்று வேளையும் குடித்தேன். ஒவ்வொரு வீட்டுக்காரர்களும் தங்கள் வாசலோடு நின்றுகொண்டார்கள். தண்ணீருக்குப் போனால் ஒருவர் இறைத்து முடிக்கும்வரை மற்றவர் தூரத்தில் நின்றார்கள். எனக்குத்தான் வாசலில் நின்று பேச வீட்டுக்குள் இன்னொரு ஆள் இல்லை. மாலையில் எனக்கு நானே வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தேன். குரல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளத்தான்.

எல்லைக் கல்லருகே முறை வைத்துக் காவல் காத்தார்கள். வருகிறவர் யாராக இருந்தாலும், இருபது முப்பது அடி தள்ளி நிற்கவைத்து ஒரே கேள்வி கேட்டார்கள். "எந்த ஊரு?" வளையல்காரர் வந்தார், திருப்பி அனுப்பினார்கள். மாட்டு வியாபாரி வந்தார், அவரையும் அனுப்பினார்கள். தீப்பெட்டி கம்பெனி லோடு வந்தது, லாரியைத் திருப்பச் சொன்னார்கள். பிறந்ததிலிருந்து யாரையும் நிறுத்தி ஒரு வார்த்தை கேட்டிராத ஆட்களுக்கு அந்தக் கேள்வி கேட்பதில் ஒரு ருசி வந்துவிட்டது. நாலு மைல் தள்ளிக் கட்டிக்கொடுத்த மகள் அழுதுகொண்டே வந்து நின்றபோது, அவளுடைய சொந்த அண்ணனே, "எந்த ஊரும்மா?" என்று கேட்டான். நான் பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்தில் நின்று பார்த்தேன். அவள் தான் வாழ்க்கைப்பட்ட ஊரைச் சொன்னாள். அவன் கையைக் காட்டினான். அவள் திரும்பிப் போனாள்.

பஸ் நிற்காதே தவிர, கண்டக்டர் என்னை விட்டுவிடவில்லை. சாயங்கால பஸ் வரும்போது புளியமரத்தடியில் போய் நிற்பேன். டிரைவர் கொஞ்சம் மெதுவாக்குவார். கண்டக்டர் ஜன்னல் வழியே, "பாப்பா நல்லா இருக்கு டீச்சர்" என்று கத்துவார். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு மறுநாள்வரை ஓட்டிவிடுவேன். ஒரு நாள் பஸ் முன்னால் ஆடு குறுக்கே வந்ததால் கூடுதலாக இரண்டு வார்த்தை கிடைத்தது. "அங்கனயும் தெருமுனையில ஆள் போட்டிருக்காக. வெளியூர்க்காரகளை விடுறதில்ல. உங்க மக வெள்ளிக்கிழமை ஆனா அவுக பக்கத்துல வந்து உக்காந்துக்கிடுதாம், அம்மா வரும்னு" என்றார். பஸ் போய்விட்டது.

கிழக்குத் தெரு முள்ளுக்கு அந்தப் பக்கம் வந்து நின்று திரி வெட்டுகிறவள் என்னோடு பேசுவாள். அவள் வீட்டுக்காரருக்கு அம்மை கண்டு ஒரு கண் போய்விட்டது. அவள் அதைச் சொல்லி அழவில்லை. "உசிரு இருக்கே டீச்சரம்மா" என்றாள். அந்தத் தெருவில் உயிர் போனவர்களும் இருந்தார்கள். என் இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி. தூக்கிக்கொண்டு போகும்போது நாலே பேர்தான் போனார்கள். கொட்டு இல்லை, அழுகைச் சத்தம்கூட அதிகம் இல்லை. அவள் ஸ்லேட்டுப் பலகை பள்ளிக்கூடத்திலேயே இருந்தது. அதில் அவள் எழுதிய எழுத்துகளை நான் அழிக்கவில்லை.

பங்குனி பாதியைத் தாண்டியபோது புதிதாக எந்த வீட்டிலும் வேப்பிலை ஏறவில்லை. தலைக்குத் தண்ணீர் ஊற்றிய வீடுகள் கூடிக்கொண்டு வந்தன. அம்மை இறங்கியவர்களுக்கு மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீர் ஊற்றினால் ஆத்தா வழியனுப்பப்பட்டாள் என்று பொருள். எனக்கு உயிர் வந்தது. நாட்டாமையிடம் போய், "பொங்கல் என்னைக்கு ஐயா?" என்று கேட்டேன்.

அப்போதுதான் அந்தச் சிக்கல் வெளியே வந்தது. பொங்கல் வைத்தால்தான் காப்பை அவிழ்க்க முடியும். பொங்கல் என்றால் ஊரே கோவில் முன்னால் கூடிப் பானை வைக்க வேண்டும். கூட்டம் கூடக் கூடாது என்று சர்க்கார் உத்தரவு. நாட்டாமையாக அவர் பொங்கலுக்கு நாள் குறித்தால், முன்சீப்பாக அவரே அதைத் தடுக்க வேண்டும். "இன்ஸ்பெக்டர் உத்தரவை எடுத்தா நான் பொங்கல் வைக்கேன்" என்றார். இன்ஸ்பெக்டரோ, "இன்னும் கொஞ்ச நாள் புதுசா யாருக்கும் வராம இருந்தாத்தான் எடுக்க முடியும்" என்றார். அந்தக் கொஞ்ச நாள் எத்தனை என்று அவருக்கும் மேலிடத்திலிருந்து சொல்லவில்லை. "அதுவரைக்கும் நீங்க காப்பை அவிழ்த்துடலாமே" என்று அவர் வெள்ளந்தியாகக் கேட்டபோது, ஊரே அவரைப் பார்த்த பார்வையில் மனுஷர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஊர்க் கூட்டம் பள்ளிக்கூடத்துக்கு வெளியில் நடந்தது. உத்தரவை மீறியதாக ஆகிவிடக் கூடாது என்று ஆளுக்கு ஆள் தள்ளி நின்றார்கள். கிழக்குத் தெரு ஆட்கள் முள்ளுக்கு அந்தப் பக்கம் நின்றார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. நடுவில் போய் நின்றேன்.

"அம்மை போயிருச்சு. பஸ்ஸை நிப்பாட்டச் சொன்ன சர்க்காரே இன்னைக்கு இல்லாட்டி நாளைக்கு விடப்போகுது. நீங்க கட்டுன கட்டு உங்களாலயே அவிழ்க்க முடியலை. எம் மகளுக்கு மூணு வயசு. இன்னும் ரெண்டு மாசம் போனா அவளுக்கு என் மூஞ்சி மறந்துரும். அதுக்கு யார் காப்புக் கட்டுவீங்க?"

நாட்டாமை துண்டால் முகத்தைத் துடைத்தார். "டீச்சர் சொல்றதுல நியாயம் இருக்கு. ஆனா பொங்கல் வைக்காம அவிழ்த்து, திரும்ப ஒரு வீட்டுல வேப்பிலை ஏறுச்சுன்னா ஊரு என்னையத்தான் கேக்கும்" என்றார். அதுவும் நியாயம்தான். அவருடைய மருமகள் முகம் முழுக்கத் தழும்போடு உயிர் பிழைத்து வீட்டுக்குள் இருந்தாள். அந்தப் பயத்தை நான் எந்த வாயால் கேலி செய்வேன்.

முள்ளுக்கு அந்தப் பக்கத்திலிருந்து திரி வெட்டுகிறவள் குரல் கொடுத்தாள். ஊர்க் கூட்டத்தில் கிழக்குத் தெருப் பெண் பேசி அதற்கு முன்பு நான் கேட்டதில்லை. "ஆத்தா நம்ம வீடு வீடாத்தான வந்தா. வந்தவளுக்கு அவ வந்த வாசல்லயே பொங்க வைப்போம். கோயில்ல பூசாரி ஒரு பானை வைக்கட்டும். கொட்டு அடிக்கவும் அவுக அவுக வாசல்ல பானை ஏத்துவோம். கூட்டமும் இல்ல, குத்தமும் இல்ல" என்றாள்.

மேலத் தெருவில் ஒரு பெரியவர், வீட்டு வாசலில் வைப்பது சாமிப் பொங்கலாகுமா என்று முணுமுணுத்தார். நாட்டாமை பூசாரியைப் பார்த்தார். பூசாரி, "எங்கன வச்சாலும் பொங்குறது பால்தான" என்றார். அன்றைக்கே நாள் குறித்தார்கள்.

குறித்த செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நானும் பள்ளிக்கூட வாசலில் மூன்று கல் வைத்து ஒரு சின்னப் பானையை ஏற்றினேன். கொட்டு அடித்தது. மேலத் தெரு வாசல்களில் புகை எழுந்தது. கிழக்குத் தெருவிலும் எழுந்தது. பால் பொங்கும்போது பெண்கள் சேர்ந்து குலவை போட வேண்டும். மேலத் தெருவில் வாசலுக்கு வாசல் குலவைச் சத்தம் கேட்டது. கிழக்கிலும் கேட்டது. என் பானையும் பொங்கியது. பக்கத்தில் யாரும் இல்லாமல் நான் மட்டும் நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டேன். அது குலவை மாதிரியே இல்லை. அப்போது முள்ளுக்கு அந்தப் பக்கம் திரி வெட்டுகிறவள் என் பானையைப் பார்த்தபடி இன்னொரு முறை குலவை போட்டாள். நான் கல் மேல் உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் பூசாரி கைக்காப்பை அவிழ்த்துக் கிணற்றில் விட்டார். அதற்கு அடுத்த நாள் இன்ஸ்பெக்டர் வந்து, பஸ் நிற்கும் என்றார். வெள்ளிக்கிழமை மஞ்சளும் வேப்பிலையும் போட்டுத் தலைக்கு ஊற்றிக்கொண்டு கிளம்பினேன். பழைய துணி எதையும் கொண்டுபோகக் கூடாது, இந்த ஊர்ப் பொருள் எதையும் குழந்தை கையில் கொடுக்கக் கூடாது என்று இன்ஸ்பெக்டர் சொல்லியிருந்தார். பைக்குள் கிடந்த தீப்பெட்டிகளை அறையிலேயே வைத்துவிட்டேன். வெறுங்கையோடு பஸ் ஏறினேன். நான் உட்கார்ந்த சீட்டில் பக்கத்தில் இருந்த அம்மாள், "எங்கன ஏறுனீக?" என்று கேட்டாள். சொன்னேன். எழுந்து பின்னால் போய்விட்டாள். விருதுநகர்வரை அந்த சீட்டில் நான் மட்டும் இருந்தேன். கண்டக்டர் டிக்கெட்டைக் கையில் கொடுத்தார், சீட்டில் வைக்கவில்லை. அந்த மனுஷருக்கு நான் இன்றுவரை கடன்பட்டிருக்கிறேன்.

விளக்கு வைக்க இன்னும் நேரம் இருந்தது. அக்கா தெருமுனையில் காவலுக்குப் போட்டிருந்த பெஞ்சு மட்டும் கிடந்தது. ஆட்களை அந்த வாரம்தான் எடுத்திருந்தார்கள். பெஞ்சுக்கு முன்னால் என் மகள் நின்றுகொண்டிருந்தாள். உயரமாகியிருந்தாள். தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். யாரோ விட்டுப்போன ஒரு வேப்பங்குச்சியைக் குறுக்கே நீட்டிப் பிடித்திருந்தாள். சற்றுத் தள்ளி வீட்டு வாசலில் அக்கா என்னைப் பார்த்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

நான் ஓடவில்லை. ஓடினால் பயந்துவிடுவாள் என்று தோன்றியது. மெதுவாக நடந்து அருகில் போனேன். அவள் என் கையைப் பார்த்தாள். கையில் ஒன்றும் இல்லை. பிறகு என் முகத்தைப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை எனக்காக அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து, காவல்காரர்களிடம் கேட்டுக் கேட்டுப் பழகிய கேள்வியை, அவர்கள் கேட்ட அதே மரியாதையோடு என்னிடம் கேட்டாள்.

"எந்த ஊரு நீங்க?"

அந்தக் கேள்விக்குத் தப்பான பதில் சொன்னவர்கள் என்ன ஆனார்கள் என்று நான் நன்றாகப் பார்த்திருந்தேன். "இந்த ஊருதான்மா" என்றேன். "இந்தத் தெருதான்."

அவள் நம்பவில்லை. குச்சியைத் தாழ்த்தாமல் தலையை மட்டும் திருப்பி, இவளை உள்ளே விடலாமா என்று என் அக்காவைப் பார்த்தாள். அக்கா தலையை ஆட்டினாள். அதற்குப் பிறகுதான் என் மகள் குச்சியை எடுத்தாள்.